நடப்போருக்கும் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் இடம் தரும் சாலை: கொங்கு நகரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ நெரிசல் மிகுந்த ஒரு சாலையை மாற்றியமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடனேயே கடைக்காரர்களும் குடியிருப்போரும் வண்டி ஓட்டுவோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் பல நியாயமானவை. சில, அச்சத்தினால் எழுபவை. இரண்டு வகைக்கும் இங்கே பொறுமையாகப் பதில் சொல்ல முயல்கிறோம்.

சாலை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

தார் நன்றாக இருக்கலாம். ஆனால் சாலையில் செல்வோர் பத்திரமாக வீடு திரும்புகிறார்களா என்பதை வைத்துத்தான் சாலையை மதிப்பிட வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இந்த இரு பிரிவினர் மட்டுமே மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. மாநிலங்களுள் அதுவே அதிக எண்ணிக்கை. அவற்றில் இறந்தோர் 17,884 பேர்.

ஒரு சாலையில் காரில் வருபவருக்கு மட்டும் இடம் ஒதுக்கிவிட்டு, நடப்பவரையும் சைக்கிளில் வருபவரையும் மிச்சமிருக்கும் ஓரத்தில் ஒதுங்கச் சொன்னால், அந்த ஓரத்தில்தான் உயிர்கள் போகும். ஆகவே வடிவமைப்பு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தப் பக்கம் முழுவதிலும் நாங்கள் வலியுறுத்தும் கருத்து. முதலில் நடைபாதை, அடுத்து பேருந்து நிறுத்தமும் சைக்கிளும், அதன் பிறகு எஞ்சும் அகலத்தில் மற்ற வாகனங்கள் என்ற வரிசையில் கோடு போட வேண்டும். இன்று நடப்பது இதற்கு நேர் எதிர்: நடுவில் டிவைடர் வைத்து, இருபுறமும் வண்டித் தடங்களை அளந்து முடித்த பிறகு எஞ்சுவது நடைபாதை; எதுவும் எஞ்சாவிட்டால் நடைபாதையே இல்லை.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடாதா?

சில காலம் தீரும். 2010-இல் செம்மொழி மாநாட்டையொட்டி கோவை அவிநாசி சாலை அகலப்படுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே சாலை மீண்டும் திணறியதை அந்த வழியாகப் போய்வந்த எல்லோரும் அறிவார்கள். சாலை விரியும்போது, இதுவரை பேருந்தில் போனவர் வண்டி எடுக்கிறார், வேறு வழியில் போனவர் இந்த வழிக்கு மாறுகிறார், தொலைவில் மனை வாங்கியவர் தினமும் நகருக்குள் வரத் துணிகிறார். கூடுதல் இடம் கூடுதல் வண்டிகளால் நிரம்பிவிடுகிறது. பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பதிவான அனுபவம் இது. இதில் கொங்கு நாட்டுக்கு விதிவிலக்கு ஏதும் இல்லை.

நகரின் உட்பகுதியில் அகலப்படுத்துவதற்கு இடமும் இல்லை. கோவை ஒப்பணக்கார வீதியிலோ ஈரோட்டுப் பிரப் ரோட்டிலோ இருபுறமும் கட்டடங்கள் நிற்கின்றன. இருக்கிற அகலத்தைப் பிரித்துக்கொள்வது ஒன்றே செய்யக்கூடியது.

எண்பதடிச் சாலையில் எல்லாவற்றுக்கும் இடம் எங்கே இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்பதடி என்பது ஏறக்குறைய 24 மீட்டர். சுவருக்குச் சுவர் அளக்க வேண்டும். தார் போட்ட பகுதியை மட்டும் அளந்தால் கணக்குத் தவறிவிடும்.

இருபுறமும் தடையில்லாமல் நடக்கக்கூடிய 2.5 மீட்டர் நடைபாதை வைத்தால் 5 மீட்டர். அதையொட்டி மரம், மின்கம்பம், விளக்கு, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்காக இருபுறமும் 0.6 மீட்டர் பட்டை, அது 1.2 மீட்டர். இருபுறமும் இரண்டு மீட்டர் சைக்கிள் பாதைக்கு 4 மீட்டர். நடுவில் சாலையைக் கடப்பவர் நின்று மூச்சுவிடக்கூடிய 1.2 மீட்டர் மீடியன். எஞ்சுவது 12.6 மீட்டர். அதில் ஒவ்வொரு திசையிலும் பேருந்து ஓடும் ஓரத் தடம் 3.3 மீட்டரும் உள்தடம் 3 மீட்டரும் கிடைக்கும். ஆக, திசைக்கு இரண்டு தடங்கள் அப்படியே இருக்கின்றன. இந்தக் கணக்கில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: சாலையோர வாகன நிறுத்தம். எண்பதடிச் சாலையில் உண்மையான போட்டி ஓடும் வண்டிக்கும் நடப்பவருக்கும் இடையே இல்லை; நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் நடப்பவருக்கும் இடையேதான். கூட்டங்களில் இதைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். அளவு நாடாவைப் பிடித்து ஒருமுறை சாலையை அளந்தால் வியப்பு நீங்கிவிடும்.

மூன்று மீட்டர் தடம் குறுகலாகத் தோன்றலாம். நெடுஞ்சாலையில் 3.5 மீட்டர் தேவைப்படுவது அங்குள்ள வேகத்துக்காக. கார் ஒன்றின் அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு; மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத நகரச் சாலையில் மூன்று மீட்டர் போதுமானது, அது வேகத்தைத் தானாகவே மட்டுப்படுத்தவும் செய்கிறது.

நடைபாதைதான் ஏற்கெனவே இருக்கிறதே, மக்கள் ஏன் அதில் நடப்பதில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நடைபாதையில் நூறு மீட்டர் தொலைவு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலில் அதில் ஏறுவதே பெரும்பாடு: சாலைக்கு மேல் சாலையாகத் தார் போட்டும் கூட, பல இடங்களில் நடைபாதை முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஏறியவுடன் பேவர் பிளாக்குகள் சில பெயர்ந்து கிடக்கின்றன. நான்கு அடி வைப்பதற்குள் சாக்கடையின் சிமெண்ட் மூடி ஒன்று உடைந்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால் மின்மாற்றியின் இரண்டு கால்கள் பாதையை முழுவதுமாக அடைத்திருக்கின்றன. சாலையில் இறங்கி, மறுபடி ஏறினால், ஒரு கடைக்காரர் தம் கடைக்கு வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட சாய்தளம். அடுத்த கடையில் விளம்பரப் பலகை. அதற்கடுத்து வரிசையாக நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகள். ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக வரும் பெண் இத்தனை முறை ஏறி இறங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் சாலையின் விளிம்பில் நடக்கிறார். அதற்காக அவரைக் குறை சொல்வது எங்களுக்கு வேதனை அளிக்கிறது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ், நடந்து செல்வோருக்கான வசதிகளுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், தடையற்ற நடைபாதையின் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்றும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது என்றும் கூறப்பட்டுள்ளது. 150 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கும் குறைவு. வணிகப் பகுதிகளில் அகலம் இன்னும் கூடுதலாக வேண்டும். இந்த எண்களைவிட முக்கியமானது தொடர்ச்சி. கடை வாயில்களிலும் வீட்டு வாயில்களிலும் நடைபாதை கீழே இறங்கி மேலே ஏறக் கூடாது. நடைபாதை ஒரே மட்டமாகச் செல்ல, உள்ளே போகும் வண்டிதான் மெல்ல ஏறி இறங்க வேண்டும். சிறு குறுக்குத் தெருக்கள் சேருமிடத்திலும் இதே முறையில் நடைபாதை மட்டத்துக்குத் தெருவை உயர்த்திவிட்டால், திரும்பும் வண்டி தானாகவே வேகம் குறையும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தடை இராது.

கோவை ரேஸ் கோர்ஸைச் சுற்றியுள்ள நடைப்பாதையில் காலையிலும் மாலையிலும் நடப்போரைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நடக்கப் பிடிக்காது என்ற எண்ணம் அங்கே நிற்காது. ஆனால் உடற்பயிற்சிக்காக நடப்பதற்குக் கிடைக்கும் தரமான பாதை, வேலைக்கும் சந்தைக்கும் நடப்பதற்கும் கிடைக்க வேண்டும். காந்திபுரத்தில் பேருந்திலிருந்து இறங்கி கிராஸ்கட் ரோட்டுக் கடைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது அதிகம் தேவை.

வேகத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் தாமதமாகாதா?

ஐந்து கிலோமீட்டர் தொலைவை நிற்காமல் 50 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஆறு நிமிடம். 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஏழரை நிமிடம். வேறுபாடு ஒன்றரை நிமிடம். நகரச் சாலையில் அதுவும் கிடைப்பதில்லை, ஏனெனில் விரைந்து போனவர் அடுத்த சந்திப்பில் நின்று காத்திருக்கிறார்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுவதும் நிற்பதற்குச் சுமார் 18 மீட்டர் தேவைப்படும். 50 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 35 மீட்டர். இருபத்தைந்து மீட்டர் முன்னால் ஒரு பள்ளிச் சிறுவன் சாலையில் கால் வைத்தால், முதல் வண்டி அவனுக்கு முன்பே நின்றுவிடும். இரண்டாவது வண்டி அவன்மேல் மோதும்போதும் நல்ல வேகத்தில் இருக்கும். சராசரி வேகத்தில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே உயிரிழப்பு விபத்துகள் 30 விழுக்காடு வரை குறையக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நடப்போரும் வாகனங்களும் கலந்து பழகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் அறிக்கையும் வலியுறுத்தியது.

பலகை வைத்து வேகம் குறையாது. திடீரென எழும் வேகத்தடைகளும் இருசக்கர வண்டிகளைத் தடுமாறச் செய்கின்றன. தடத்தின் அகலம், திருப்பத்தின் வளைவு, உயர்த்தப்பட்ட குறுக்குப் பாதை ஆகியவைதான் ஓட்டுநரின் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்க வைக்கும்.

சிக்னல்களை நீக்கி யூ-டர்ன் வைத்த பிறகு கோவையில் வண்டிகள் தடையின்றி ஓடுகின்றனவே, அதில் என்ன குறை?

கடந்த சில ஆண்டுகளில் கோவையின் பல சந்திப்புகளில் சிக்னல்கள் எடுக்கப்பட்டு, யூ-டர்ன்களும் ரவுண்டானாக்களும் வந்திருக்கின்றன. சந்திப்பில் வண்டிகள் காத்திருக்கும் நேரம் குறைந்திருப்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிக்னல் வண்டிகளை நிறுத்திய அந்தச் சில நொடிகளில்தான் நடப்பவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஓட்டம் நிற்காத சாலையில் அவருக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே, ஓடும் வண்டிகளுக்கு நடுவே, தடம் தடமாக முன்னேறுகிறார். “ரோட்டைத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிட்டு வருதுங்க” என்று முதியவர்கள் சொல்வதைப் பேருந்து நிறுத்தங்களில் கேட்கலாம்.

இதற்காக எல்லாச் சிக்னல்களையும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. யூ-டர்ன் இருக்கும் சாலைகளில், பேருந்து நிறுத்தங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு எதிரே நடப்போருக்கென்றே பொத்தான் அழுத்தும் சிக்னல் வைக்கலாம். இயல்பான நடை நொடிக்கு 1.2 மீட்டர், முதியவர்களுக்கு 0.8 மீட்டர் என்று கொள்ளலாம். மேலே சொன்ன வடிவமைப்பில் ஒரு பக்கத்துத் தார்ச்சாலை 6.3 மீட்டர். அதை ஒரு முதியவர் எட்டு நொடியில் கடந்து மீடியனில் நிற்பார், அடுத்த பாதியை அடுத்த வாய்ப்பில் கடப்பார். வண்டிகளை எட்டுப் பத்து நொடி நிறுத்துவதற்கு இவ்வளவு தயக்கம் ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொரு செய்தி: ‘ஃப்ரீ லெஃப்ட்’. இடப்பக்கம் நிற்காமல் திரும்பலாம் என்ற ஏற்பாடு இருக்கும் சந்திப்புகளில், நான்கு திசையும் சிவப்பு விழுந்தாலும் நடப்பவருக்குப் பாதுகாப்பான நேரம் ஒன்றுகூட இல்லை. திருப்பத்தின் வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும். மூலையைச் சற்று முன்னே இழுத்து வளைவைக் குறுக்கினால், திரும்பும் வேகமும் குறையும், கடக்கும் தூரமும் குறையும்.

சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ கட்டிவிடலாமே?

லாரியும் பேருந்தும் அடியில் போக இடம் விட்டால், நடைமேம்பாலத்தின் தளம் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும். அது ஏறத்தாழ நாற்பது படிகள் ஏறி நாற்பது படிகள் இறங்குவதற்குச் சமம். முழங்கால் வலி உள்ளவரும் சுமை தூக்கி வருபவரும் ஏற மாட்டார்கள். மின்தூக்கி வைத்தால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். சுரங்கப்பாதையில் இரவில் தனியாக இறங்கப் பெண்கள் தயங்குகிறார்கள். மழைநீர் வேறு, கோவையில் பலத்த மழை பெய்தால் லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளி அருகிலும் பாலத்தடியில் என்ன ஆகிறது என்பது ஊரறிந்தது. நெடுஞ்சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் இவை தேவைப்படலாம். நகரச் சாலையில் நடப்பவர் தரை மட்டத்திலேயே கடக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் சைக்கிள் யார் ஓட்டுகிறார்கள்?

அதிகாலையில் திருப்பூரின் பல்லடம் சாலையிலோ அவிநாசி சாலையிலோ நின்று பார்த்தால், பனியன் கம்பெனிகளுக்குச் சைக்கிளில் செல்லும் தொழிலாளர்களைக் காணலாம். வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். பால், பேப்பர் போடுபவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளை விடவில்லை.

இவர்களைவிட முக்கியமான ஒரு கூட்டம் உண்டு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியருக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. ஆண்டுதோறும் பல இலட்சம் பிள்ளைகளின் கையில் ஒரு சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்டுவதற்கு இரண்டு மீட்டர் அகலப் பாதையைக் கொடுக்காமல் இருக்கிறோம். நகரப் பெற்றோர் பலர், மகள் சைக்கிளில் பிரதான சாலைக்கு வருவதற்கு அஞ்சி, அந்தச் சைக்கிளை வீட்டிலேயே நிறுத்திவைக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவோர் குறைவு, ஆகவே பாதை வேண்டாம் என்பது, பாலம் இல்லாத ஆற்றை யாரும் நீந்திக் கடப்பதில்லை, ஆகவே பாலம் வேண்டாம் என்பதைப் போன்றது.

தரையில் நீலமோ பச்சையோ பெயின்ட் அடித்தால் அது சைக்கிள் பாதை ஆகாது. ஒரு வாரத்தில் அதில் கார் நிற்கும். சாலை மட்டத்திலிருந்து சற்றே உயர்த்தியோ கல் வைத்துப் பிரித்தோ அமைக்க வேண்டும். பேருந்து நிறுத்தம் வரும் இடத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்புறமாகச் செல்ல வேண்டும்.

பேருந்துக்குத் தனித்தடம் தேவையா?

சாலையைப் பொறுத்தது. நிமிடத்துக்கு ஒரு பேருந்தாவது ஓடும் சாலைகளில், நெரிசல் நேரத்திலாவது ஓரத் தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்குவது நியாயம். உலக நகரங்களுக்கான சாலை வடிவமைப்பு வழிகாட்டிகள் தரும் கணக்குப்படி, கார்கள் நிறைந்த ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டு செல்லும்; அதே தடத்தைப் பேருந்துக்குக் கொடுத்தால் 4,000 முதல் 8,000 பேர் வரை செல்ல முடியும். பேருந்து எண்ணிக்கை குறைவான சாலையில் தனித்தடம் வெறுமையாகக் கிடந்து வெறுப்பைத்தான் வளர்க்கும். டெல்லியில் 2008-இல் தொடங்கிய விரைவுப் பேருந்துத் தடம் 2016-இல் அகற்றப்பட்டதையும், அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது தொடர்ந்து நடப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தனித்தடத்தைவிட உடனே செய்ய வேண்டியது நிறுத்தங்களைச் சீர்செய்வது. இன்று நம் ஊர்களில் ஒரு டவுன் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது, பேருந்து ஒதுங்கி நிற்பதற்கான இடமான பஸ் பேயில் ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும் நிற்கின்றன. ஓட்டுநர் சாலை நடுவிலேயே நிறுத்துகிறார். பயணிகள் நிழற்குடையிலிருந்து ஓடி வந்து, இடையில் புகுந்து வரும் பைக்குகளைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறார்கள். இறங்குபவர் படியிலிருந்து நேரே ஓடும் வண்டியின் முன் கால் வைக்கிறார். இதற்குத் தீர்வு, நடைபாதையை நிறுத்தத்தில் தடத்தின் விளிம்பு வரை முன்னே நீட்டுவது. அப்போது பேருந்து உள்ளே ஒதுங்கவும் வேண்டாம், மறுபடி வெளியேறப் போராடவும் வேண்டாம். அங்கே வேறு வண்டி நிற்கவும் இடமிருக்காது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அந்தப் பயணத்தின் இரு முனைகளிலும் நடை இருக்கிறது. பேருந்தை இலவசமாக்கிய அக்கறை, நிறுத்தத்துக்கு நடந்து வரும் வழிக்கும் நீள வேண்டும்.

கடை முன்னால் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் கெட்டுவிடாதா?

இந்தக் கவலையை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைதான் அந்தக் குடும்பத்தின் சோறு. ஆனால் ஒரு வேண்டுகோள். காலை பத்து மணிக்கு உங்கள் கடை முன்னால் நிற்கும் வண்டிகளைக் குறித்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு மறுபடி பாருங்கள். பல கடைவீதிகளில் அவற்றில் கணிசமானவை கடை உரிமையாளர்களுடையதாகவும் ஊழியர்களுடையதாகவும் இருக்கும். வாடிக்கையாளருக்கான இடத்தை நாம்தான் நாள் முழுவதும் அடைத்துவைத்திருக்கிறோம். ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து இருசக்கர வண்டிகள் நிற்கலாம். குறுக்குத் தெருக்களில் நேரக் கட்டணத்துடன் நிறுத்தம் ஒதுக்கினால், வந்தவர் வாங்கிவிட்டுக் கிளம்புவார், அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் இருப்பதைப் போன்ற பல அடுக்கு நிறுத்தகங்களும் உதவும், ஆனால் சாலையோரத்தில் இலவசமாக நிறுத்த முடிகிற வரை யாரும் மாடிக்கு வண்டியை ஏற்ற மாட்டார்கள்.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அது கடைவீதியாகவே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒப்பணக்கார வீதியில் நிறைந்து வழியும் கூட்டமும் நடந்து வரும் கூட்டம்தான். சரக்கு இறக்குவதற்கு மட்டும் அதிகாலையிலும் இரவிலும் நேரம் ஒதுக்குவது அவசியம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை போன்ற இடங்களில் இதை வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தள்ளுவண்டிக் கடைகளையும் பூக்காரம்மாக்களையும் அப்புறப்படுத்திவிடுவார்களா?

கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைக் குழு ஒன்று அமைத்து, அதில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வடிவமைப்பு வரைபடத்திலேயே மரங்களுக்கும் கம்பங்களுக்குமான பட்டையை ஒட்டி அவர்களுக்கான இடத்தைக் குறித்துவிட்டால், நடக்கும் பாதையும் தடைபடாது. இளநீர் வண்டியும் பூக்கடையும் இருக்கும் சாலையில் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். தனியாக நடப்பவருக்கு அது ஒரு துணை.

மரங்கள்?

இருக்கும் மரத்தை வெட்டாமல் பாதையை வளைக்க வேண்டும். புதிய மரத்துக்கு வேரைச் சுற்றி ஒரு மீட்டர் சதுர மண் வேண்டும். கழுத்து வரை சிமெண்ட் பூசக் கூடாது. வேம்பும் புங்கனும் நம் வெயிலைத் தாங்கும். சித்திரையில் நிழல் இல்லாத நடைபாதையில் யாரும் நடக்க மாட்டார்கள்.

ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?

பேருந்துத் தடத்தில் போகும். இன்றைய நெரிசலில் 108 வண்டி சிக்கிக்கொள்வதற்குக் காரணம், விலகுவதற்கு இடமில்லாதபடி ஓரத்தில் வண்டிகள் நிற்பதே.

அவிநாசி சாலையில்தான் மேம்பாலம் வந்துவிட்டதே, இனி என்ன?

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்கும் திருப்பூருக்கும் விரைந்து செல்வோர் மேலே போய்விடுகிறார்கள். கொங்கு நாட்டில் வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு இப்போது கீழே இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழ்ச்சாலை இனி தொலைதூரப் போக்குவரத்துக்கான சாலை அன்று. அதன் இருபுறமும் உள்ள கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து போவோரின் சாலை. அங்கே அகலமான நடைபாதை, பிரித்த சைக்கிள் பாதை, பேருந்துக்கு ஓரத் தடம், தூண்களுக்கு இடையே கடப்பவர் நிற்கும் இடம் ஆகிய அனைத்தையும் கூடுதல் நிலம் எடுக்காமலேயே செய்யலாம். தூண்களின் மறைவிலிருந்து திடீரென வெளிப்படும் நபரை ஓட்டுநரால் பார்க்க முடியாது என்பதால், கடக்கும் இடங்களைத் தூணிலிருந்து தள்ளி, நல்ல வெளிச்சத்துடன் அமைக்க வேண்டும். கீழ்ச்சாலை வெறுமையாகத் தெரிகிறது என்பதால் அங்கும் வேகத்தை ஏற்றிவிட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு; அவர் பெயர் தாங்கிய பாலத்தின் நிழலில் பேருந்துக்கு நல்ல இடம் கிடைப்பது பொருத்தமாக இருக்கும்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? சட்டம் என்ன சொல்கிறது?

சாலையைப் பொறுத்து மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. சிக்னலுக்கும் யூ-டர்னுக்கும் போக்குவரத்துக் காவல். கம்பத்துக்கும் மின்மாற்றிக்கும் மின்வாரியம். குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் வேறு பிரிவுகள். புதிய நடைபாதை போட்ட மறுமாதமே தோண்டப்படுவது இவர்கள் ஒரே மேசையில் உட்காராததால் நேர்கிறது. நிலத்தடி வேலைகள் அனைத்தும் முடிந்த பிறகே மேல்தளம் போடப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறியதால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் இருக்க வேண்டும் என்றும் கூறியது. ஆக, நடைபாதை கேட்பது சலுகை கேட்பதாகாது.

கட்டிய பிறகு சரிவராவிட்டால் என்ன செய்வது?

கட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். காவல் துறை யூ-டர்ன்களை முதலில் தடுப்புகளை வைத்துச் சோதித்து, பிறகுதான் நிரந்தரமாக்கியது. அதே முறையில் சுண்ணாம்புக் கோடு, கூம்பு, நீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பு ஆகியவற்றைக் கொண்டு நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் சில வாரங்களுக்கு அமைத்துப் பார்க்கலாம். அந்த நாட்களில் வண்டிகளை மட்டும் எண்ணாமல், நடப்போரையும் எண்ண வேண்டும். அவர்களுள் முதியவர்கள், குழந்தைகள், பெண்கள் எத்தனை பேர் என்றும் குறிக்க வேண்டும்.

வரைபடம் மக்கள் பார்வைக்கு வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து செல்லுங்கள். விரல் எங்கே தார்ச்சாலைக்குள் இறங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்மாற்றி எங்கே போகிறது, மழைநீர் எந்த வடிகாலில் சேர்கிறது, அடுத்த கடக்கும் இடம் எத்தனை மீட்டரில் என்று கேளுங்கள். பதில் வரைபடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், வாய்மொழியாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். இந்தக் குறிப்புகளை வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாலைப் பாதுகாப்பு தொடர்பானவற்றை ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு வைக்குமாறு அதே மனுவில் கேட்கலாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். மனுவோடு இடத்தின் புகைப்படத்தையும், நாடாவால் அளந்த நடைபாதை அகலத்தையும் உயரத்தையும் சேர்த்தால், அதைப் பார்க்கும் பொறியாளர் நேரே வேலைக்கு வர முடியும்.